போலீஸ் கப்பலேறும் வரை

உல்லாசக் கப்பலில் பெரிய குற்றம் ஏதாவது நடந்தால், போலீஸ் காலடி வைக்க ஓரிரு நாள்கூட ஆகலாம். நடுக்கடலுக்கு உடனே யார் வருவார்? கப்பல் நிறுவனமும் காவல்துறையும் கூட்டங்களில் கைகுலுக்கிக்கொள்வது இருக்கட்டும். வழக்கு நிற்பதும் விழுவதும், அந்த இடைப்பட்ட நேரத்தில் கப்பல்காரர்கள் எதைச் செய்கிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

முதல் சிக்கல், வழக்கு யாருடையது என்பது. பறப்பது பஹாமாஸ் கொடி, பாதிக்கப்பட்டவர் ஒரு நாடு, சந்தேக நபர் இன்னொரு நாடு, அடுத்த துறைமுகம் வேறொரு நாடு. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 92ஆம் பிரிவுப்படி ஆழ்கடலில் கொடி நாட்டுக்குத்தான், அதாவது கப்பல் பதிவான நாட்டுக்குத்தான், அதிகாரம். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் வந்துவிட்டால் கரைநாட்டுப் போலீஸ் நினைத்தபடி ஏறலாம் என்று பலர் நம்புகிறார்கள். 27ஆம் பிரிவு அவ்வளவு தாராளமில்லை. கடந்து போகும் கப்பல் என்றால், குற்றத்தின் விளைவு அந்த நாட்டைத் தொட வேண்டும், அல்லது அதன் அமைதி கெட வேண்டும், அல்லது கேப்டனோ கொடி நாட்டுத் தூதரகமோ உதவி கேட்டிருக்க வேண்டும், இல்லையேல் போதைக் கடத்தலாக இருக்க வேண்டும். அந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்தே கிளம்பிய கப்பலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே சம்பவம் நடந்த நேரத்தில் கப்பல் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தது என்பதை, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் பதிவிலிருந்து உடனே எடுத்து வைக்க வேண்டும்.

அமெரிக்கத் துறைமுகங்களில் ஆள் ஏற்றி இறக்கும், குறைந்தது 250 பயணிகள் கொள்ளும் கப்பல்களுக்கு 2010இல் வந்த சட்டம் கொஞ்சம் கறாரானது. கொலை, சந்தேக மரணம், அமெரிக்கர் காணாமல் போவது, பாலியல் தாக்குதல், 10,000 டாலருக்கு மேற்பட்ட திருட்டு போன்றவற்றை எஃப்.பி.ஐ.க்குத் தொலைபேசியில் கூடிய சீக்கிரம் சொல்லிவிட வேண்டும். கரை சேர்ந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

கப்பலையே கடத்துவது, ஆயுதத் தாக்குதல் என்றால் வழியே வேறு. 2004 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஐ.எஸ்.பி.எஸ். என்ற சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகளோடு வந்த ரகசிய அபாய பொத்தான், பிரிட்ஜில் ஒன்றும் வேறொரு இடத்தில் குறைந்தது ஒன்றும் இருக்கும். அமுக்கினால் கப்பலில் மணி அடிக்காது. செய்தி போவது பக்கத்துப் போலீசுக்கும் அல்ல. கொடி நாடு குறித்துவைத்த கரை மையத்துக்குப் போய், அங்கிருந்துதான் பக்கத்துக் கரைநாட்டுக்குத் தகவல் சேரும்.

இனி கேபினுக்கு வருவோம். பெரும்பாலான தடயம் கெடுவது இங்கேதான், அதுவும் கெட்ட எண்ணத்தால் அல்ல, சுத்தம் செய்கிற பழக்கத்தால். கதவில் 'நுழையாதீர்' என்று காகிதம் ஒட்டினால் போதாது. கேபின் பணியாளரிடம் உள்ள, பல கதவுகளைத் திறக்கும் மாஸ்டர் கார்டு அந்தப் பூட்டைத் திறக்காதபடி ரத்து செய்ய வேண்டும். வாசலில் ஒரு ஆளை நிறுத்தி, யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று எழுத வேண்டும். மின்னணுப் பூட்டின் நினைவகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு வரி சேரும், நிறைந்ததும் பழைய வரி அழியும். "சும்மா எட்டிப் பார்க்கிறேன்" என்று ஆளுக்கு ஆள் திறந்துகொண்டே இருந்தால், தேவையான பழைய வரிகள் போய்விடலாம். முதல் வேலையாகப் பூட்டின் பதிவை இறக்கிவிடுங்கள்.

கடிகாரங்களிலும் கண் வேண்டும். பூட்டுக்கு ஒரு நேரம், சிசிடிவிக்கு ஒரு நேரம், ஏறி இறங்கும் வழியான கேங்வேயில் அட்டை தேய்க்கும் கணினிக்கு ஒரு நேரம். இதற்கு நடுவே இரவில் கப்பல் நேரத்தை ஒரு மணி முன்னே பின்னே தள்ளியிருப்பார்கள். மூன்றும் ஒரே நொடியில் என்ன காட்டுகின்றன, உலகப் பொது நேரமான யூடிசியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று ஒரே தாளில் எழுதிப் படமெடுத்து வைத்தால், பின்னால் வழக்கறிஞர் பிடுங்க ஒன்றும் மிஞ்சாது.

துணிகளைக் காகிதப் பையில் போடுங்கள், ஒரு பொருளுக்கு ஒரு பை. பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. கெடும். பாலியல் தாக்குதல் என்றால் மருத்துவப் பரிசோதனை முடியும்வரை குளிக்காமல் இருந்தால் நல்லது என்று பாதிக்கப்பட்டவரிடம் மென்மையாகச் சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

விசாரணையைத் தாங்களே முடித்துவிடும் ஆர்வம் பாதுகாப்பு அதிகாரிகள் சிலருக்கு உண்டு. முன்னாள் போலீஸ்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, கேப்டன் புலனாய்வாளர் அல்ல, தடயத்தைக் காப்பதே அவர் வேலை என்ற அடிப்படையில்தான் பேசுகிறது. என்ன, எங்கே, எப்போது, யார் என்ற அளவோடு நிறுத்துவது நல்லது. ஒரே ஆளிடம் மூன்று வாக்குமூலம் வாங்கினால் மூன்றுக்கும் இடையே உள்ள சின்ன வித்தியாசமே எதிர்த்தரப்புக்குப் போதும்.

கரை தொடும் நாள்தான் நெருக்கடி. காலையில் ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள், மாலையில் அதே கேபின்களில் புது ஆட்கள். சாட்சிகள் மதியத்துக்குள் நாலு திசையிலும் விமானம் ஏறியிருப்பார்கள். அதனால் சாட்சிகளின் பெயர், கேபின் எண், வீட்டு முகவரி, விமான நேரம் கொண்ட பட்டியலையும், தளங்களின் வரைபடத்தையும் முந்தின இரவே போலீசுக்கு அனுப்பிவிட வேண்டும். சம்பவ கேபினை அடுத்த பயணத்துக்கு விற்காமல் நிறுத்திவைக்க நிறுவனத்தின் கரை அலுவலகத்துக்கும் அன்றிரவே சொல்லிவிட வேண்டும். சிசிடிவி பதிவைக் கொடுக்கும்போது அதை ஓட்டும் மென்பொருளையும் அதே பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டேஷன் கணினியில் அது திறக்காது, கப்பலோ அதற்குள் கிளம்பியிருக்கும்.