கீழாநெல்லிதானா என்று உறுதி செய்யவே ஆறு மாதம்

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஆச்சி மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுப்பாள். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அம்மியில் அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருண்டை, மோரில் கலக்கி வெறும் வயிற்றில். ஆய்வுக்குத் தலைப்புத் தேடியபோது அதையே எடுத்தேன். தெரிந்த செடி, சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நினைப்புதான்.

டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 2 கிலோ காய்ந்த கட்டு வாங்கினேன். பொடித்து, சாறு இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால் ஓட்டி, சாற்றில் உள்ளதைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் வைத்தால், கீழாநெல்லியின் முக்கிய வேதிப்பொருளான பில்லாந்தின் நிற்க வேண்டிய இடத்தில் ஏதோ அழுக்குப் பட்ட மாதிரி ஒரு மங்கல். கைடு அதைப் பார்க்கவே இல்லை. "ஹெர்பேரியம் நம்பர் என்னம்மா?" என்றார். செடியை அழுத்திக் காயவைத்து, பெயர் சரிபார்த்து, தாளில் ஒட்டி வைத்தால்தானே நம்பர்? என்னிடம் இருந்தது கடை ரசீது. "அப்போ நீ எதை ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கே?"

மிச்சக் கட்டைச் செய்தித்தாளில் உதறினேன். விதை உதிர்ந்தது. கடுகைவிடச் சின்னது, லென்ஸில் பார்த்தால் ஆரஞ்சுச் சுளை மாதிரி இருக்கும். கீழாநெல்லி, அதாவது பில்லாந்தஸ் அமாரஸ் என்றால் முதுகில் நெடுக்கு வரி ஓட வேண்டும். என் தாளில் குறுக்கு வரி விதையும் கிடந்தது. அது சிவப்புக் கீழாநெல்லி, யூரினேரியா. புள்ளிப் புள்ளியாக மேடு தட்டியதும் இருந்தது, மேலாநெல்லி. மூன்று செடியும் ஒரே கட்டில். மூன்று வாரம் ஓட்டிய சாற்றைக் கொட்டினேன்.

இது வீண் கெடுபிடி என்று அன்று கோபம் வந்தது. அப்புறம்தான் 1988 கதையைப் படித்தேன். சென்னையில் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்று லான்செட்டில் வெளியானது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அப்படி வரவில்லை. செடியின் இனமும் விளைந்த மண்ணும் வேறு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. காமாலையில் தானாக ஆறிப்போகும் வகையும் உண்டு; அதில் ஆச்சிக்குக் கிடைத்த நல்ல பேர் எவ்வளவு என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

பிசான நெல் நடவு முடிந்ததும் கன்னடியன் கால்வாய் வரப்புகளில் நானே இறங்கினேன். களைக்கொல்லி அடித்த வரப்பு எது என்று ஆச்சியே காட்டிவிட்டாள். பூவைக் கவிழ்த்து இதழை எண்ணுவேன்: ஐந்து என்றால் பைக்குள், ஆறு என்றால் வரப்பிலேயே. ஒரு நாளைக்கு இருபது செடி தேறினால் அதிகம்.

இந்தத் தடவை புள்ளி பளிச்சென்று விழுந்தது. ஆனால் அது மெத்தனால் சாறு. வெறும் தண்ணீர்ச் சாற்றில் பில்லாந்தின் அநேகமாக இறங்குவதே இல்லை. ஆச்சி கொடுப்பதோ மோரில். மோரில் அரைத்ததையும் தகட்டில் வைத்துப் பார்த்தோம்; கொழுப்பு இழுத்துக்கொண்டு போய் ஒன்றும் தெரியவில்லை. இது இன்னும் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. எலிச் சோதனைக்கு அனுமதி வாங்கிய கதை இங்கே வேண்டாம், அது தனிப் புராணம்.

எல்லாம் சரி என்றிருந்தபோது சாம்பல் சோதனை காலை வாரியது. பொடியை எரித்துச் சாம்பலை அமிலத்தில் போட்டால், கரையாமல் நின்றது எக்கச்சக்கம். அது மணல். ஊருக்குப் போனபோது ஹெர்பேரியத் தாளைப் போனில் ஆச்சியிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவள் சொன்னாள்: "ஏட்டி, வேரெல்லாம் மண்ணு. வாய்க்கால்ல மூணு தண்ணி அலசாம எவளாவது அரைப்பாளா?"