பைபர் அழுகாது, உள்ளே இருக்கும் பலகை அழுகும்

பழைய பைபர் படகு வாங்கப் போகிற ஆட்கள் முதலில் இஞ்சினைத்தான் பார்ப்பார்கள். மூடியைத் தூக்கி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா என்று எட்டிப் பார்த்து, அதோடு விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள். இஞ்சின் கெட்டால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். தளத்துக்கு அடியில் ஓடும் கட்டைகள் இற்றுப்போயிருந்தால் அப்படி முடியாது, பாதிப் படகைப் பிரித்தாக வேண்டும். ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தளத்தில் நடந்து பாருங்கள். குதிகால் எங்கேயாவது மெத்தென்று அமுங்கினால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

என் மச்சானும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் 19 அடிப் படகு அப்படி அமுங்கியதுதான். அமுங்கும் என்று தெரிந்தே, அதற்கேற்ற விலைக்குத்தான் வாங்கினோம். ஜப்பானில் ஓடி ஓய்ந்து இங்கே வந்த படகு, கூடு நல்ல கனம், அந்தக் காலத்து ஆட்கள் பைபரைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். பினாங்குத் தீவில் இருக்கும் 'பத்து மாவுங்' என்ற ஊரில் இறக்கி, ஜெரெஜாக் தீவுப் பக்கமோ, கடல் அமைதியாக இருந்தால் கெண்டி தீவு வரைக்குமோ போய்த் தூண்டில் போட இது போதும். இப்போது பிறையில் வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில், டிரெய்லரோடு கன்வாஸுக்குக் கீழே நிற்கிறது.

பைபர் அழுகாது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், கண்ணாடி இழையும் அதைப் பிடித்து இறுகும் ரெசின் பிசினும் அழுகாது. ஆனால் இந்த மாதிரிப் பழைய சிறிய படகுகளில் நிறைய முழு பைபர் கிடையாது. வெளிக்கூடு பைபர், சரி. காலை வைக்கிற தளம் பிளைவுட், அதன் மேல் மெல்லிசாகப் போர்த்திய பைபர். அதைத் தாங்கி நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் கட்டைகள் மரம், மேலே பைபர் உறை. முன்பக்க டெக்கில் இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பிளைவுட்டோ பால்சா மரமோ இருக்கும். இஞ்சின் தொங்குகிற பின்சுவரும் அப்படித்தான். பைபர் உறை முழுசாக இருக்கும்வரை மரம் பத்திரம். எங்கேயாவது ஒரு ஆணி ஓட்டை விழுந்துவிட்டால், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை, அந்த உறையே தண்ணீரைக் கட்டிக் காக்கும்.

இன்னொரு விஷயம், பலர் நம்ப மாட்டார்கள்: பலகையைத் தின்பது கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான். அழுகல் என்பது பூஞ்சையின் வேலை, உப்பு அதற்கு ஒத்துவராது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை சும்மா கிடக்கும், 30ஐத் தாண்டினால் குடியேறிவிடும். வெப்பம் 25இலிருந்து 30 டிகிரி இருந்தால் அதற்குக் கொண்டாட்டம், அதாவது பினாங்கில் ஒரு சாதாரண நாள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது, செப்டம்பர் அக்டோபரில் கேட்கவே வேண்டாம். கடலுக்குப் போகிற படகைவிட வீட்டு வாசலில் திறந்தபடி நிற்கிற படகு சீக்கிரம் இற்றுப்போவது இதனால்தான்.

எங்கே இற்றிருக்கிறது என்று பார்க்க ஈரமானி வாங்க வேண்டியதில்லை. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இடத்தில் 'டக்' என்று திருத்தமாகக் கேட்கும், கெட்ட இடத்தில் 'தொப்'. மச்சான் மார்க்கர் பேனாவோடு பின்னால் வந்து, தொப் கேட்ட இடத்தையெல்லாம் வட்டம் போட்டான். முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தபோது வட்டங்கள் தாறுமாறாக இல்லை. சீட்டுக் கால்களைச் சுற்றி, தூண்டில் தாங்கிகளைச் சுற்றி, பின்பக்கத் தண்ணீர் ஓட்டையைச் சுற்றி. எங்கெல்லாம் ஆணி இறங்கியிருந்ததோ அங்கெல்லாம். "மச்சான், இது பலகை கெட்டதில்லடா, ஸ்குரூ போட்டவன் கெடுத்தது" என்றான். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் கிட்டத்தட்ட அதுதான். புதுத் தளம் போடுவது சிரமமான வேலை, ஆனால் புத்தி கேட்கிற வேலை அல்ல. தண்ணீர் எந்த வழியாக வந்தது, எந்த வழியாக வெளியே போகும் என்ற இரண்டையும் தீர்க்காமல் எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் சில வருஷத்தில் மறுபடியும் அமுங்கும்.

இந்தப் படகை முன்பு வைத்திருந்த ஆள் இதைத்தான் செய்திருக்கிறார். அழுகிய தளத்தைப் பிரிக்காமல் அதன் மேலேயே இன்னொரு பிளைவுட்டை வைத்து ஆணி அடித்து, கார்ப்பெட்டால் மூடி, ஓரத்தில் சிலிக்கோன் பூசியிருந்தார். கார்ப்பெட் மழைத் தண்ணீரை வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். படகுத் தளத்தில் கார்ப்பெட் ஒட்டுகிறவர்கள்மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

வெட்டுவதற்கு முன் பெட்ரோல் தொட்டியையும் பேட்டரியையும் வெளியே எடுத்துவிட வேண்டும். கிரைண்டர் பொறி பறக்கிற இடத்தில் பெட்ரோல் ஆவி கிடந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்புறம் வட்ட ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் தடிமனுக்கு மட்டும் வைத்து, சுவர் ஓரமாக இரண்டு அங்குலம் விட்டு வெட்டினோம். அந்த விளிம்பு இருந்தால்தான் புதுத் தளத்தை எந்த உயரத்தில் வைப்பது என்று தெரியும்.

மேல் தோல் ஒரே தகடாக வந்துவிட்டது. அடியில் இருந்த பிளைவுட், கறியில் ஊறிய ரோட்டி சானாய் மாதிரி அடுக்கு அடுக்காகக் கையோடு பிய்ந்து வந்தது. கறுப்பு நிறம், பிழிந்தால் தண்ணீர். அதற்கும் கீழே, ஸ்ட்ரிங்கர்களுக்கு நடுவே மஞ்சள் நுரை. மேலாகப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது, ரம்பத்தால் அறுத்துத் தூக்கினால் ஒவ்வொரு துண்டும் செங்கல் கனம். தண்ணீர் குடித்த நுரை மிதக்காது, படகை இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

நுரையை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு கன அடி நல்ல நுரை சுமார் 27 கிலோவைத் தூக்கி நிறுத்தும், படகுக்குள் தண்ணீர் புகுந்தால் நாம் பிடித்துக்கொண்டு மிதக்க அதுதான் மிச்சம். நாங்கள் இரண்டு பக்க அறைகளில் மட்டும் திரும்ப ஊற்றினோம், நடுவில் தண்ணீர் ஓடும் வாய்க்காலைக் காலியாக விட்டோம்.

ஸ்ட்ரிங்கர்களை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டி எடுக்காதீர்கள். கூட்டின் வடிவத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருப்பது அவைதான், மொத்தமாக எடுத்தால் டிரெய்லர் தாங்குகிற இடத்தில் கூடு உள்வாங்கிவிடும், அப்படியே புதுக் கட்டையை ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். ஒன்றை எடுத்து, புதிதை ஒட்டி, இறுகிய பிறகு அடுத்தது.

கிரைண்டர் வேலையைப் பற்றி யாரும் நேர்மையாகச் சொல்வதில்லை. புதுப் பைபர் ஒட்ட வேண்டுமென்றால் பழைய பைபரை 36, 40 நம்பர் உப்புத்தாள் தட்டு போட்டுப் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும், வேறு வழி கிடையாது. அந்தத் தூசு கண்ணாடி. கழுத்து மடிப்பிலும் முழங்கை உள்பக்கத்திலும் போய் உட்கார்ந்துகொண்டு ராத்திரி முழுக்க அரிக்கும். மருந்துக்கடைக் காகித முகமூடி இதற்கு உதவாது, வடிகட்டி மாட்டுகிற ரப்பர் முகமூடி வேண்டும், ரெசின் வாடைக்குத் தனி வடிகட்டி. முழு உடம்பையும் மூடுகிற காகித உடுப்பு, மணிக்கட்டைச் சுற்றி டேப். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வெளிக்குழாயில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி துணி காயப்போடுகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டுதான் நாங்கள் கிரைண்டரை எடுத்தோம், இல்லையென்றால் அவர் குடும்பமே சொறிந்துகொண்டிருக்கும்.

ரெசினில் இரண்டு வழி. பாலியெஸ்டர் மலிவு, படகை முதலில் கட்டியதும் அதில்தான். எப்பாக்சி பல மடங்கு விலை. கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, "பாஸ், இந்தப் பழைய படகுக்கு அதெல்லாம் எதுக்கு" என்று சிரித்தார். ஆனால் பழைய பைபர்மேலும் மரத்தின்மேலும் பிடித்து நிற்பதில் எப்பாக்சிக்கு ஈடில்லை. பட்ஜெட் இடிக்கிறவர்கள் பாலியெஸ்டரிலேயே செய்யலாம், ஆயிரக்கணக்கான படகுகள் அப்படித்தான் ஓடுகின்றன, தேய்ப்பதில் மட்டும் சோம்பல் படக்கூடாது. எங்கள் சூட்டுக்கு, பாலியெஸ்டரை இறுக வைக்கிற ஹார்டனர் 1 சதவீதம் போட்டாலே போதும், குளிர் நாட்டு வீடியோவைப் பார்த்து 2 சதவீதம் ஊற்றினால் கண்ணாடி இழைத் துணியில் தடவுவதற்குள் டப்பாவிலேயே புகை வந்துவிடும். அந்த ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். எப்பாக்சியில் இந்தக் கூட்டல் குறைத்தல் நடக்காது, டப்பாவில் என்ன அளவு எழுதியிருக்கிறதோ அதேதான். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகம் ஊற்றினால் எப்போதும் பிசுபிசுவென்றே இருக்கும். வேலை செய்ய நேரம் வேண்டுமென்றால் கலந்ததை உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள், ஆழமான டப்பாவில் தன் சூட்டிலேயே வெந்துவிடும்.

எப்பாக்சி எடுத்தால் துணியையும் யோசித்து வாங்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மேட், உதிரி இழைகளைப் பசை போட்டு ஒட்டியது, அந்தப் பசையைக் கரைப்பது பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன். எப்பாக்சியில் அது இல்லை, மேட் விறைப்பாகவே நிற்கும், மூலையில் படியாது. நெய்த துணியோ, இரண்டு திசையில் இழை ஓடும்படி தைத்த பையாக்சியல் துணியோ வாங்குங்கள்.

பிளைவுட்டில் 'மரைன்' என்று முத்திரை இருந்தால் அழுகாது என்று அர்த்தமில்லை. பசை தண்ணீரில் விடாது, நடு அடுக்குகளில் பொந்து இருக்காது, அவ்வளவுதான். பிஎஸ் 1088 என்பது அதற்கான தரம். முத்திரையை நம்புவதைவிட ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவில் இருட்டாக இடைவெளி தெரிந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். நாங்கள் 12 மில்லிமீட்டர் மெராந்தி மரப் பிளைவுட் எடுத்தோம். பலகை காயட்டும் என்று வீட்டு ஹாலில் மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்ததால், டிவி பாதி மறைகிறது என்று வீட்டில் தினமும் ஒரு சண்டை.

பலகைக்கு எப்பாக்சி பூச வெயில் இறங்குகிற நேரம்தான் சரி. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். மாலையில் மரம் ஆறும்போது அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெட்டிய ஓரங்கள் குடித்துக்கொண்டே இருக்கும், குடிப்பது நிற்கும்வரை பூச வேண்டும். நம் ஊர் ஈரத்தில் மறுநாள் மேலே வழவழப்பாக ஒரு படலம் நிற்கும், தின்னரால் துடைத்தால் போகாது, வெறும் தண்ணீரும் பச்சை ஸ்பாஞ்சும் போதும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் ஒட்டாது.

தளத்தை அட்டைப்பெட்டி வெட்டி அளவெடுத்து, கெட்டியாகக் கலந்த எப்பாக்சியை ஸ்ட்ரிங்கர் தலையில் வைத்து, அதன்மேல் உட்கார வைத்தோம். கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்கிற பதம் வேண்டும். ஆணியே அடிக்கவில்லை, அரிசி மூட்டையும் பெயிண்ட் டின்னும்தான் பாரம். மூலைகளில் அதே கலவையை உருட்டிக் குழிவாக இழுத்து, மேலே 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் என்று அகலம் கூடக்கூடத் துணிப்பட்டை.

சீட்டு ஆணிகளுக்கு மட்டும் நிறைய நேரம் செலவழித்தோம். ஆணியின் பருமனைவிடப் பெரிய ஓட்டை போட்டு, நடுவில் இருக்கும் மரத்தைச் சுரண்டி, கெட்டி எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில்தான் ஆணிக்கான ஓட்டை. இப்போது தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. ஸ்ட்ரிங்கர்களின் அடியில் தண்ணீர் பின்னோக்கி ஓடத் துளைகள் விட்டு, அந்தத் துளைகளின் உள்பக்கத்தையும் பூசினோம். டிரெய்லரின் மூக்கைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, பின்பக்கத் தண்ணீர் ஓட்டையின் அடைப்பானைக் கழற்றி வைத்தால் மழை பெய்தாலும் பின்னால் ஓடிவிடும். மேலே ஜெல்கோட், அதாவது பைபர் படகுகளின் பளபளப்பான மேல்பூச்சு, வேண்டாம், எப்பாக்சிமேல் அது சரியாக இறுகாமல் போகலாம், இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற டூ-பேக் பெயிண்ட் அடித்து மணல் தூவினோம். நிறம் வெளிர் சாம்பல். வெள்ளை அடித்தால் மத்தியானம் கண் கூசும், கருநிறம் அடித்தால் கால் வெந்துவிடும்.

பாக்கி பின்சுவர். உள்பக்கமாகச் சின்ன டிரில் போட்டு வந்த தூளைப் பார்த்தோம், மேலே வெளிர் நிறம், நன்றாகக் காய்ந்திருக்கிறது. தண்ணீர் ஓட்டைக்குப் பக்கத்தில் வந்த தூள் கொஞ்சம் கறுப்பு, விரலில் ஒட்டியது. மச்சான் ஒரு சீசன் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறான். நான் இப்போதே இஞ்சினை இறக்கிப் பிரிக்கலாம் என்கிறேன். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.