பொன்னாடை இல்லாத பௌர்ணமி

பொசன் பௌர்ணமியன்று வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை ஊடாகத் திருகோணமலைக்குப் பஸ்ஸில் போக நினைத்தது என் பிழைதான். வீதியெங்கும் வெள்ளை உடையில் யாத்திரிகர்கள் நிறைந்திருந்தார்கள். தன்சல் எனப்படும் இலவச அன்னதானப் பந்தல்களின் முன்னால் இளைஞர்கள் கொடியை ஆட்டிப் பஸ்ஸை மறித்து, சாரதி முதல் கடைசி இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த கிழவி வரை எல்லோருக்கும் விளாம்பழச் சாறு கொடுத்த பின்னரே வழிவிட்டார்கள். மூன்றாவது பந்தலில் நடத்துநர் இறங்கி இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார். திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் நான்கு மணிக்குத் தொடங்கவிருந்த, மதம் சாராத பௌர்ணமிக் கூடலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நான்கரை ஆகிவிட்டது. எனக்காகக் காத்திருக்கவில்லை என்றாலும் அவர்களும் அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தார்கள்.

என்னை அழைத்தவர் அங்கே வங்கியொன்றில் வேலை செய்யும் பழைய நண்பர். "வந்து பாருங்கோ அண்ணன், சாமியும் இல்லை, சாமியாரும் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை" என்று தொலைபேசியில் சொன்னார். முதலிரண்டும் எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்து, 1960 முதல் 1978 இல் இறக்கும்வரை இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய ஆபிரகாம் கோவூரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. கடவுளை விட்டுவிட்டுக் கூட்டம் கூடத் தமிழனுக்குத் தெரியும். பிரதம விருந்தினரை விட்டுவிட்டுக் கூடத்தான் தெரியாது. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை என்று போகும் நிரலில், எதற்காகக் கூடினோமோ அந்த விடயத்துக்குக் கடைசியில் இருபது நிமிடம் மிஞ்சுவதே பெரும்பாடு. பஸ்ஸில் என்னை ஏற வைத்தது அந்த மூன்றாவது 'இல்லை'தான்.

இத்தகைய கூடல் ஒன்றை நான் முதலில் பார்த்தது இலண்டனில். 2013 ஜனவரியில் சாண்டர்சன் ஜோன்ஸ், பிப்பா எவன்ஸ் என்ற இரு நகைச்சுவைக் கலைஞர்கள், வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயக் கட்டடத்தில் 'சண்டே அசெம்பிளி'யைத் தொடங்கினார்கள். தேவாலயத்தில் நல்லவை எவையோ அவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு கடவுளை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்பதே அவர்களுடைய யோசனை. சகோதரியைப் பார்க்கப் போயிருந்தபோது நான் போன கூட்டம் கொன்வே மண்டபத்தில் நடந்தது. 1929 இல் திறக்கப்பட்ட அந்த மண்டபம் மொன்கியூர் கொன்வே என்ற சிந்தனையாளரின் பெயரைத் தாங்கியது. அவர் கீழைத்தேய ஞானிகளைத் தேடிப் புறப்பட்ட பயணத்தில் இலங்கைக்கும் வந்து போனவர். வாத்தியக் குழு வாசிக்க, திரையில் ஓடிய வரிகளைப் பார்த்து முன்னூறு பேர் எழுந்து நின்று சினிமாப் பாட்டுப் போன்ற பாட்டுக்களைப் பாடினார்கள். பிறகு ஒரு கவிதை, ஓர் உரை, சிறிது மௌனம், கடைசியில் தேநீரும் கேக்கும். உரையை மறந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற முதியவர் சுருதியே சேராமல் உரக்கப் பாடியதும், அதைப் பார்த்து எனக்கும் வாய் திறந்ததும் இன்னும் நினைவிருக்கிறது.

அங்கே அது ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது என்றால் இங்கே பௌர்ணமியில் நடப்பதற்கு ஒரு காரணமே உண்டு: எல்லோருக்கும் விடுமுறை. மதம் சாராத கூடலைப் புத்த சமயத்தின் புனித நாளில் நடத்துகிறீர்களே என்று நான் கேலி செய்தபோது, இந்த நாட்டில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமையை வேலைநாளாக்கி, பௌர்ணமி முதலான போயா நாட்களையே வார விடுமுறையாக வைத்திருந்ததை நண்பர் நினைவூட்டினார். விடுமுறை யார் பெயரால் வந்தாலும் விடுமுறைதான் என்பது அவர் வாதம்.

கூடல் நடந்த இடம் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கிடுகுக் கொட்டில். கரும்பலகையில் முதல்நாள் வகுப்பின் இருபடிச் சமன்பாடு பாதி தீர்க்கப்பட்ட நிலையில் அப்படியே இருந்தது. வாங்குகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் அமர்ந்த வாங்கில் யாரோ ஒரு மாணவன் கவராயமுனையால் தன் பெயரையும் இன்னொரு பெயரையும் கீறி, இரண்டாவது பெயரைப் பின்னர் அழுத்தி வெட்டியிருந்தான். மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. நான் எண்ணியபோது நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, பாட மணிக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை ஒருமுறை தட்டினார். அந்த ஓசை ஓயும்வரையும் அதன் பின் இரண்டு நிமிடமும் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். யாருக்காக என்று அறிவிக்கவில்லை. இந்த ஊரில் அதைச் சொல்லவேண்டியதில்லை.

அன்றைய உரை கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியது. பேசியவர் புவியியல் ஆசிரியை. எரிமலையே இல்லாத நாட்டில் நீர் ஏன் சுடுகிறது என்ற கேள்வியோடு தொடங்கினார். மழைநீர் பாறை வெடிப்புகளூடாக மிக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் கூடுகிறது. சூடேறிய நீர் வேறொரு வெடிப்பின் வழியே விரைவாக மேலே வந்தால் ஆறுவதற்கு நேரமிருக்காது. மகாஓயா, மகாபெலஸ்ஸ என்று நாட்டின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் வெந்நீர் ஊற்றுகள் வரிசையாக இருப்பதற்கும், இருவேறு பழம்பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லை அவ்வழியே ஓடுவதற்கும் உள்ள தொடர்பை, இருபடிச் சமன்பாட்டை அழித்துவிட்டு அந்தக் கரும்பலகையிலேயே வரைந்து காட்டினார்.

"அப்ப இராவணன்?" என்று வட்டத்தின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தியதால் உண்டானவை அக்கிணறுகள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. "அந்தக் கதையைக் கேட்டபடியாலதான் ஐயா நான் புவியியல் படிச்சனான்" என்றார் ஆசிரியை. கொட்டில் சிரித்தது, கேட்டவர் சிரிக்கவில்லை. தன் தகப்பனின் அந்தியேட்டியைக் கன்னியாவில் செய்ததாகவும், ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி வார்த்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடாக இருந்ததாகவும் சொன்னார். பிறகு, "ரீச்சர், அண்டைக்கு நான் தலையில வார்த்தது எந்த வருஷத்து மழை?" என்று கேட்டார். அது ஒரு வருடத்து மழையல்ல, பல வருடத்து மழை கலந்து வருவது என்று அவர் பதில் சொன்னார். கேட்டவர் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அப்பர் நனைஞ்ச மழையும் இருந்திருக்கும்" என்றார்.

கவிதை நேரம் அவ்வளவு செறிவானதாக இல்லை. வாசித்த பதினொருவரில் ஏழு பேர் நிலவைப் பாடினார்கள். பௌர்ணமிக் கூடலின் தொழில்முறை ஆபத்து அது. 1939 இல் இவ்வூரில் பிறந்து தமிழகம் சென்று பெயர்பெற்ற பிரமிளின் சிறு கவிதையொன்றை ஒரு பையன் தாளைப் பாராமல் சொன்னான். தமிழாசிரியர் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்திலிருந்து "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்று கணீரெனச் சொல்லி, அடி சிவனைச் சுட்டி முடியுமுன் அங்கேயே நிறுத்தினார். "'அமர்ந்தாரே' வர முதல் நிப்பாட்டிப் போட்டன், சட்டப்படி சரிதானே?" என்று அவர் கேட்டபோது எழுந்த சிரிப்பில் ஒரு மான் வெருண்டது, நகரத்தில் திரியும் புள்ளிமான்களில் ஒன்று கொட்டிலின் அரைச் சுவருக்கு மேலால் தலையை நீட்டி, யாரோ வைத்திருந்த கச்சான் சரையை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

என் மனத்தில் நின்றது கிண்ணியாவிலிருந்து வந்த உயர்தர மாணவி ஒருத்தி வாசித்த எட்டு வரிகள். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை மக்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையில்தான் அங்கே கடக்கவேண்டியிருந்தது. பாலத்தால் போவதற்கும் தன் உம்மா பாதைக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் முந்தியே புறப்படுகிறார் என்று அவள் எழுதியிருந்தாள். மிகையான ஒரு சொல்கூட அதில் இல்லை. எவரும் பொன்னாடையோடு எழுந்து வரவில்லை, பக்கத்திலிருந்த பெண் மெதுவாக, "உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினியா?" என்று கேட்டதோடு சரி.

இதன் பிறகு பாட்டு. இங்கேதான் இந்தக் கூடல் மூன்று மாதமாகத் தடுமாறியிருக்கிறது. தமிழர்கள் பாட்டைக் கேட்பவர்கள். சேர்ந்து பாடும் பழக்கம் கோயிலிலும் தேவாலயத்திலும்தான் உண்டு. சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் கலந்திருக்கும் வட்டத்தில் எல்லோருக்கும் வாயில் வரும் பாட்டு ஒன்று வேண்டும். சினிமாப் பாட்டுக்களில் சரணம் எவருக்கும் நினைவிருக்கவில்லையாம். கடைசியில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவைப் பிடித்தார்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஏற்பது அதன் அமைப்பு; மனப்பாடம் தேவையில்லை. ஒரு முதிய மீனவரைச் சொல்லிக்கொடுக்க அழைத்தபோது, கடவுளர் பெயர் வரும் அடிகளை விடவேண்டும் என்ற விதியைக் கேட்டு, "பேர் சொல்லாமல் கூப்பிட்டால் வலைமடி நிறையுமா?" என்று அவர் திரும்பிப் போகப் பார்த்தாராம். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பின், கடவுளர் இருந்த இடங்களில் மீன்களை வைத்துப் பாட அவரே இணங்கியிருக்கிறார்.

அன்று அவர் ஒரு பழைய கரைவலைக் கயிற்றையும் கொண்டுவந்திருந்தார். அதை வட்டமாக விரித்து எல்லோர் கையிலும் கொடுத்தார். தும்புக் கயிறு உள்ளங்கையில் குத்தியது. உப்பும் பழைய மீனும் மணத்தன. பாரை, சூரை, அறுக்குளா, சூடை, கீரி என்று அவர் அழைக்க அழைக்க நாங்கள் 'ஏலேலோ' என்று இழுத்தோம். முதல் சுற்றில் எல்லோரும் அயலவரைப் பார்த்தபடி முணுமுணுத்தார்கள். மூன்றாவது சுற்றில் வங்கி நண்பர், கன்னியாவைப் பற்றிக் கேள்வி கேட்டவர், நான் எல்லோரும் உண்மையாகவே பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தோம். கயிறு எதிலும் கட்டப்பட்டிருக்கவில்லை; மறுபுறம் இழுத்தவர்களும் நாங்களே.

எனக்குக் குறைகளும் தோன்றின. பிளேன்ரீயும் வடையும் கொண்டுவந்து பரிமாறியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கோப்பை கழுவியவர்களும் அவர்களே. கவிதை வாசித்த பதினொருவரில் பெண்கள் இருவர் மட்டுமே என்பதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று நண்பரிடம் சொன்னேன். அடுத்த மாதம் முதல் ஆண்கள் தேநீர் ஊற்றுவார்கள் என்றார். சிங்கள அயலவர் ஒருவரும் வராததைக் கேட்டபோது அவரிடம் விரைவான பதில் இருக்கவில்லை. மொழிபெயர்க்க ஒருவரைத் தேடுவதாக மட்டும் சொன்னார்.

ஏழு மணிக்கு வெளியே வந்தபோது கச்சான் காற்று ஓய்ந்து, கடற்பக்கமாக நிலவு எழுந்திருந்தது. மீனவர் கயிற்றைச் சுருட்டி மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, மாணவியின் தகப்பனாரை, "ஏறுங்கோ காக்கா, பஸ் நிலையத்தில விடுறன்" என்று பின்னால் ஏற்றினார். மாணவி தோழியின் வீட்டில் தங்கிவிட்டாள். இயந்திரம் முடுக்கப்பட்டதும் அவர் மறுபடி அம்பாவை எடுத்தார், இம்முறை முழுப்பாட்டு. முருகன் வந்தார், மாதா வந்தார். ஒழுங்கை முடக்கில் அவர்கள் மறையும்வரை பின்னால் இருந்தவரின் 'ஏலேலோ' கேட்டுக்கொண்டிருந்தது.