மாடிவீட்டு ஓசையை எங்கே நிறுத்துவது?

எங்கள் வீட்டுக்கு மேலே குடியிருப்பவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்பதே இல்லை. ஆனால் அவர்கள் சமையலறையில் ஒரு கரண்டி கைதவறி விழுந்தால், அது எங்கள் படுக்கையறையிலேயே விழுந்ததுபோலக் கேட்கிறது. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கும் பலர் இதைக் கவனித்திருப்பார்கள். இந்த வேறுபாடு ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குச் செலவழிக்கக் கூடாது என்பது விளங்கும்.

பேச்சும் தொலைக்காட்சி ஒலியும் காற்றின் வழியாக வருபவை. இரு வீடுகளுக்கும் இடையே இருப்பதோ பெரும்பாலும் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள அதை அசைக்கக் காற்றில் வரும் ஒலிக்கு வலுவில்லை. காலடியும், இழுபடும் நாற்காலியும், இடிகல்லும் அப்படியல்ல. அவை தளத்தையே நேரடியாகத் தட்டுகின்றன. தட்டப்பட்ட தளம் தான் அதிர்வதோடு, தன்னுடன் சேர்த்து வார்க்கப்பட்ட உத்திரத்தையும் தூணையும், அவற்றோடு ஒட்டிக் கட்டிய சுவரையும் அதிரவைக்கிறது. போதாக்குறைக்கு, தளத்தின்மேல் சிமென்ட் கலவையைப் பரப்பி நேராக டைல்ஸ் பதித்துவிடுகிறோம். அதிர்வை உள்வாங்க இடையில் ஒரு மெல்லிய ரப்பர் விரிப்புகூடக் கிடையாது.

அதனால்தான், ஃபால்ஸ் சீலிங் போட்டால் எல்லாச் சத்தமும் நின்றுவிடும் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம் என்கிறேன். இரும்புப் பட்டைகளால் அதே தளத்திலிருந்து தொங்கவிடப்படும் சட்டம், அதிர்வை வாங்கிக் கீழே கடத்தத்தான் செய்யும். ரப்பர் வைத்த பிடிகள், இடைவெளியில் ராக்வூல் என்னும் கனிமப் பஞ்சு, இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை என்று முறையாகச் செய்தால் பலன் உண்டு. அப்போதும் சுவர் வழியாக இறங்கும் ஓசை மிஞ்சும். சுவரில் ஒட்டும் நுரைப்பஞ்சுத் தகடுகளோ அறைக்குள் எழும் எதிரொலியை மட்டுமே குறைக்கும். இப்படித் தட்டுவதால் எழும் மோதல் ஓசையை அது பிறக்கும் இடத்திலேயே, அதாவது மேல் வீட்டுத் தரையிலேயே நிறுத்துவதுதான் எளிது, செலவும் குறைவு. அதற்கு அந்த வீட்டாரின் மனம் வேண்டும்.

எங்கள் மேல் வீட்டு அம்மா விடியற்காலையில் இஞ்சியும் மிளகும் தட்டுவார். இடிகல் இருந்தது கிரானைட் மேடையின்மேல். மேடையின் ஒரு விளிம்பு சுவருக்குள் பதிந்திருந்தது. அதே சுவரின் தொடர்ச்சியில்தான் கீழே எங்கள் கட்டிலின் தலைமாடு. புகார் எழுதுவதைவிட அவர் காதாலேயே கேட்கட்டும் என்று எண்ணி, ஒரு மாலையில் மேலே சென்று, “அம்மா, ஒரு நிமிஷம் எங்க வீட்டுக்கு வந்து கேட்டுப் பாக்குறீங்களா?” என்று அழைத்தேன். மருமகள் மேலே தட்ட, அவர் எங்கள் கட்டிலருகே நின்று கேட்டார். “இவ்வளவா கேக்குது? எனக்குத் தெரியவே தெரியாதேம்மா” என்றார், உண்மையான வருத்தத்தோடு. மறுநாளே இடிகல் மேடையை விட்டு இறங்கி, நான்காக மடித்த சணல் சாக்கின்மேல் தரைக்கு வந்தது. இப்போது உன்னித்துக் கேட்டால்தான் ஒரு மங்கிய ‘தொம்’ காதில் விழுகிறது.

அதற்குப் பிறகு மற்றவை எளிதாயின. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ்களை நானே வாங்கிக் கொடுத்தேன். அவை தேய்ந்து ஓட்டையாகிவிடும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். கிரைண்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டார்கள். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் கூடத்தில் கனமான விரிப்பு வந்தது. குழந்தைகளை ஓடாதே என்று அடக்கச் சொல்வது நியாயமில்லை. விரிப்பைக் கேட்பது நியாயம்.

சட்டத்தை நாடலாமே என்பார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அவை ஒலிபெருக்கி, பட்டாசு, வாகன ஒலிப்பான் போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காலடி ஓசைக்கு அவற்றால் பெரிய உதவியில்லை. தென்கொரியாவில், சுவர்களே பாரம் தாங்கும் வகை அடுக்குமாடிகளுக்குத் தளத்தின் கனம் 210 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். கட்டி முடித்த வீட்டிலேயே மோதல் ஓசையை அளந்து பார்க்கும் முறையையும் 2022 ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். இங்கே வீடு வாங்கும்போது சதுர அடியையும் டைல்ஸின் பளபளப்பையும் கேட்கும் நாம், தளத்தின் கனத்தையும் கேட்கத் தொடங்க வேண்டும்.

பழைய வீட்டில் தரையைப் பெயர்த்துப் புதிதாக டைல்ஸ் போடுபவர்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கலவைக்கு அடியில் ரப்பர் அல்லது தக்கை விரிப்பு ஒன்றைப் போடுங்கள். அந்த விரிப்பைச் சுவரோரத்தில் டைல்ஸ் மட்டம் வரை மேலேற்றிவிடுங்கள், இல்லையேல் அதிர்வு ஓரத்தின் வழியாகச் சுவரில் இறங்கிவிடும். தரை மாற்ற அனுமதி கேட்பவர்களுக்கு இதை நிபந்தனையாக்க வேண்டும் என்று எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேல் வீட்டு அம்மாவும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்.