மூடி துள்ளியது, ரிங் போகவில்லை

என் டீசல் வண்டியின் ஓடோமீட்டரில் 2,83,000 கிலோமீட்டர். அந்த எண்ணைப் பார்த்ததுமே முதல் மெக்கானிக் பாதித் தீர்ப்பை எழுதிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. மீதிப் பாதிக்கு அவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதே வாயில் தலைகீழாக வைத்தார். மூடி தடதடவென்று துள்ளிக் கீழே விழுந்தது, புகை குபுகுபுவென வந்தது.

"பேக் கம்ப்ரஷன் சார். ரிங் போயிடுச்சு. இன்ஜினை இறக்கித்தான் ஆகணும்."

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து, சிலிண்டரின் அழுத்தம் கீழே ஆயில் பக்கம் கசிகிறது என்று அர்த்தம். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குக் காரணமும் இல்லை. காலையில் வழக்கத்தைவிட அதிக நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது, ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, ஏற்றத்தில் இழுவை இல்லை. அவர் சொன்னபடி கெட்டியான ஆயிலுக்கு மாறினேன், இன்ஜின் இறக்கத் தேதியும் குறித்தாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: எந்த சிலிண்டரில் எவ்வளவு கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், என்று ஒரு எண்ணைக்கூட அந்த மனிதர் எனக்குச் சொல்லவில்லை.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். முதல் பயணம் வீண். போன பட்டறையில் இருந்தது பெட்ரோல் வண்டிக்கான அழுத்தமானி, அதாவது கேஜ், முள் 20 பாருக்கு (அழுத்தத்தின் அலகு) மேல் போகாது. நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினே 25, 30 பார் அடிக்கும். "பரவாயில்ல சார், மாட்டிப் பாத்துடலாம்" என்றவரிடம் வேண்டாம் என்று சொல்லித் திரும்பினேன். போவதற்கு முன் போனில் கேஜ் என்ன அளவு வரை காட்டும் என்று கேட்டிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த இடத்தில் டீசல் கேஜ் இருந்தது, பொறுமைதான் இல்லை. குளிர்ந்த டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜை மாட்டி ஒவ்வொன்றாகச் செல்ஃப் அடித்தார்கள். 19, 18, 16, 11. "நாலுமே போச்சு சார்." எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எண்கள் அளந்த வரிசையிலேயே இறங்கிக்கொண்டு போவது அப்போது கண்ணில் படவில்லை. பேட்டரி சோர்ந்துகொண்டே வந்திருக்கிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நல்ல சிலிண்டர்கூடக் குறைவாகத்தான் காட்டும். அதோடு விட்டார்களா? ரிங்கா வால்வா என்று பிரித்துப் பார்க்க ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆயில் ஊற்றப் போனார்கள். அதை மட்டும் தடுத்துவிட்டேன். பெட்ரோல் இன்ஜினில் செய்கிற வேலை அது. டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சுகிற இடம் மிகச் சிறியது. ஊற்றிய ஆயிலே அந்த இடத்தை அடைத்து எண்ணை உயர்த்திக் காட்டும். கொஞ்சம் கூடிப்போனால் பிஸ்டன் திரவத்தில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மூன்றாவதாகக் கிடைத்தவர் வயதானவர். "தம்பி, வண்டியை ராத்திரியே விட்டுட்டுப் போங்க. பேட்டரிக்கு சார்ஜர் போடாம நான் தொட மாட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி நிம்மதி வந்துவிட்டது. ஹீட்டர் பிளக்கைக் கழற்றும் முன் இன்ஜினைச் சூடாக்கினார். குளிர்ந்த இன்ஜினில் பலவந்தமாகத் திருகினால் பிளக் முறிந்து ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அதைத் துளைத்தெடுப்பது தனிக் கதை. ஏர் ஃபில்டரையும் எடுத்துவிட்டு அளந்தார்.

27, 26, 27, 20.

என் வண்டியின் கையேட்டின்படி குறைந்தபட்சம் 20 பார், சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 5 பாருக்குள். மூன்று சிலிண்டர்கள் ஜம்மென்று இருக்கின்றன, நோய் நாலாவதில் மட்டும். அந்த பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஹீட்டர் பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றினார். எந்தப் பக்கம் சீறுகிறது என்று கேட்க வேண்டும்: இன்டேக் பக்கம் என்றால் அந்த வால்வு, சைலன்ஸர் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், ஆயில் மூடியில் என்றால் ரிங்.

சத்தம் ஆயில் மூடியில்தான் வந்தது. எனக்கு வயிறு கலங்கியது. அவர் அசரவில்லை. "இந்த இன்ஜின்ல இன்ஜெக்டர் எல்லாம் ராக்கர் கவருக்கு உள்ள இருக்கு தம்பி. கவரைத் திறந்து பாக்காம ரிங்குன்னு சொல்லக் கூடாது."

ஆயில் மூடி இருக்கும் அந்த மேல் உறையைத் திறந்தார். டீசலைப் பீய்ச்சும் நாலாவது இன்ஜெக்டரைச் சுற்றித் தார் உருகி இறுகியது போல் கருப்புக் கார்பன். சோப்புத் தண்ணீர் விட்டதும் அங்கே நுரை பொங்கியது. டிப்ஸ்டிக் குழாயில் காது வைத்தால் லேசான சீறல் மட்டும், அது எந்த இன்ஜினிலும் இருப்பதுதான், ரிங் ஒருபோதும் முழுதாக அடைப்பதில்லை. இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசியவிட்டிருக்கிறது. சிலிண்டரின் அழுத்தம் ரிங்கைத் தாண்டாமல் மேல் வழியாகவே கவருக்குள் புகுந்து, அதே மூடியைத் துள்ள வைத்திருக்கிறது. உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் வேறு ஆயில் பிசுக்கில் பாதி அடைத்திருந்தது.

நாலு வாஷரையும் மாற்றி, வாஷர் உட்காரும் இடத்தைச் சுத்தமாகச் சீவிப் பொருத்தினார். மறுபடி அளந்ததில் நாலாவது 25. இத்தோடு வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன், அவர் விடவில்லை. வாஷர் விட்ட இன்ஜினில் கார்பன் ஆயிலோடு கலந்து கீழே இறங்கியிருக்கும் என்று, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினார். ஆயில் உறிஞ்சும் வலையில் மூன்றில் ஒரு பங்கு கருப்பாக அடைத்திருந்தது. ரிங் போனதாக நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு ஓட்டியிருந்தால், ஆயில் அழுத்தம் இறங்கி உண்மையாகவே இன்ஜினை இறக்க வேண்டி வந்திருக்கும். உங்கள் வண்டியிலும் இதே வாஷர் போயிருந்தால் அந்த வலையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இன்னொரு வீண் செலவையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஆயில் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பியிருந்தேன். தேய்மானத்தைக் காட்டும் இரும்பு, குரோமியம், அலுமினியம் எல்லாம் மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. குறையாமல் என்ன செய்யும், கெட்டி ஆயில் மாற்றி 400 கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை. மாதிரியை அடுத்த ஆயில் மாற்றும் சமயத்தில், இன்ஜின் சூடாக இருக்கும்போது, வடிகிற ஆயிலின் நடுப்பகுதியிலிருந்து சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும்.

இப்போது காலையில் செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. மூடியைத் தலைகீழாக வைத்தால் நடுங்குகிறது, விழுவதில்லை. நெடுநேரம் ஐட்லிங்கில் நின்று கிளம்பினால் மட்டும் கொஞ்சம் நீலப் புகை, வால்வு சீலாக இருக்கலாம் என்கிறார் பெரியவர். கெட்டி ஆயிலை வடித்துவிட்டுக் கையேட்டில் உள்ள கிரேடுக்கே திரும்பிவிட்டேன். இன்ஜின் இறக்கக் குறித்திருந்த தேதியில் முதல் பட்டறையிலிருந்து போன் வந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை.