கிரான்பெர்ரி தொக்கு: ஒருவழியாக எண்ணெய் பிரிந்தது

எண்ணெய் பிரிந்துவிட்டது. தொக்கு கிளறிக் கை ஓய்ந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். கிரான்பெர்ரி என்கிற புளிப்பான சின்னச் சிவப்புப் பழத்தில் இது வரை எனக்கு வாய்க்காத பதம் இது. வாணலியில் இருக்கும் வரை தொக்கு மாதிரிதான் இருக்கும், பாட்டிலில் போட்டு ஆறியதும் ஜாம் ஆகிவிடும். போன வருஷம் வீடியோ காலில் பாட்டிலைச் சாய்த்துக் காட்டினேன். உள்ளே இருந்தது அசையவே இல்லை. "ஏண்டி, ஜாமுல மிளகாப்பொடியைக் கொட்டி வெச்சிருக்கியா?" என்றாள் அம்மா. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த சீசன் முழுக்க இதையே கட்டிக்கொண்டு அழுதேன்.

சிக்கலுக்குக் காரணம் பெக்டின், பழங்களில் இயல்பாகவே இருக்கும் உறைய வைக்கும் பொருள். ஜாம் உறைய பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றும் வேண்டும். கிரான்பெர்ரியில் பெக்டின் ஏராளம். புளிப்போ எலுமிச்சைக்குச் சற்றுத்தான் குறைவு, பிஎச் அளவில் 2.5க்குப் பக்கம் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும்). குறைவது சர்க்கரை ஒன்றுதான். புளிப்பு நாக்கை அறுக்கிறதே என்று நாம் ஒரு கட்டி வெல்லத்தைப் போடுகிறோம், அதுவும் நிறைந்துவிடுகிறது. நவம்பர் கடைசியில் அமெரிக்கர்கள் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் விருந்து மேஜையில், டின்னின் வளையங்கள்கூட அழியாமல் நிற்கிறதே ஒரு சிவப்புக் கட்டி, டின் கிரான்பெர்ரி சாஸ், அதுவும் இதே வேலைதான். அவர்களுக்கு அது வேண்டும், நமக்கு வேண்டாம். அப்படி உறைகிற விழுது எண்ணெயைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே விடாது. எண்ணெய் பிரியட்டும் என்று இன்னும் கிளறினால் தண்ணீர் வற்றி வெல்லத்தின் அடர்த்தி ஏறி மேலும் இறுகும். "பத்தே நிமிடத்தில் கிரான்பெர்ரி ஊறுகாய்" என்று போடுகிறவர்கள் அதை மறுநாள் திறந்து பார்ப்பார்களா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

வழி கிடைத்தது நம் வெயில் தக்காளி ஊறுகாயில் இருந்து. நறுக்கி உப்பில் போட்டு, சாற்றைத் தனியே வடித்து, துண்டுகளை மட்டும் காயவைத்து, பிறகு எண்ணெயில் இறக்குவார்களே, அதே முறை. சாறு போய்விட்டால் நெடுநேரம் கொதிக்க வைக்கும் தேவை இல்லை. சூடும் தண்ணீரும் நேரமும் சேர்ந்தால்தானே பெக்டின் கரைந்து வெளியே வரும்?

ஆனால் கிரான்பெர்ரியின் தோல் இருக்கிறதே! மேலே மெழுகுப் பூச்சு. உப்பில் புரட்டி ராத்திரி முழுக்க வைத்தாலும் காலையில் அப்படியே பளபளவென்று உருண்டுகொண்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பாதியாக நறுக்கலாம்தான், ஆனால் ஒரு பை காலியாவதற்குள் கட்டைவிரல் முழுக்கச் சிவந்துவிடும், பொறுமையும் போய்விடும். வெந்நீரில் போட்டுத் தோலை வெடிக்க விடுவது இன்னொரு முறை. அதில் திரும்பவும் சூடு, திரும்பவும் தண்ணீர்.

கைகொடுத்தது ஃப்ரீசர். பையோடு, கழுவாமல், கல் மாதிரி உறையவிட வேண்டும். உறையும்போது உள்ளே பனித்துகள்கள் திசுக்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்து அலசி வடிதட்டில் போட்டு இளகவிட்டால் பழம் துவண்டு கிடக்கும், அமுக்கினாலே பிளந்துகொள்ளும். 340 கிராம் பை இரண்டுக்கு மூன்று மேஜைக்கரண்டி கல்லுப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள். உள்ளங்கையால் லேசாக நசுக்கி, பீங்கான் ஜாடியில் போட்டு மூடி வைத்தேன். விடிந்ததும் ஜாடியில் ரத்தச் சிவப்பாகச் சாறு நின்றது. பாத்திர விஷயத்தில் கறாராக இருங்கள்: அலுமினியம் வேண்டாம், இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம். புளிப்பும் துவர்ப்பும் இரும்பில் பட்டால் நிறம் கறுத்துவிடும், வாயில் ஆணியைக் கடித்த ருசி தங்கும்.

வடித்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ரசம் வைக்கலாம். புளியும் வேண்டாம், உப்பும் வேண்டாம். நன்றாக நீர் விட்டு, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, நெய்யில் தாளித்தால் போதும். பருப்புத் தண்ணீர் மட்டும் சேர்க்க வேண்டாம், அந்தச் சிவப்பு மண் நிறமாகிவிடுகிறது.

காயவைப்பதில்தான் ஊர் ஞாபகம் வந்தது. அக்டோபர் கடைசியில் நியூ ஜெர்சி வெயில் கண்ணுக்குத்தான் அழகு, வற்றலுக்கு ஆகாது. அதனால் 'அவன்' அடுப்பு (oven). 200 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 93 செல்சியஸ். என் அவன் அதற்குக் கீழே இறங்காது. கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டி செருகி ஈரம் வெளியேற வழி விட்டேன். நேரக் கணக்கு சொல்ல மாட்டேன், ஒவ்வொரு அவனும் ஒவ்வொரு விதம். தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், அமுக்கினால் சாறு வரக் கூடாது, அவ்வளவுதான் பதம். முழுதாகக் காய்ந்து உலர்திராட்சை ஆகிவிட்டால் எண்ணெயில் தோல் விறைத்துக்கொள்ளும்.

அப்புறம் எல்லாம் வேகம்தான். அகலமான எவர்சில்வர் வாணலியில் முக்கால் டம்ளர் நல்லெண்ணெய், கடுகு, கட்டிப் பெருங்காயம். தூள் பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும், ஏற்கெனவே கெட்டிப்படத் துடிக்கிற விழுதுக்கு அதுவும் எதற்கு? பழத்தைப் போட்டுப் புரட்டி, அடுப்பைக் குறைத்து மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம். மசிக்கவில்லை, மத்துப் பக்கமே போகவில்லை. சில நிமிடங்களில் ஓரமெல்லாம் சிவப்பு எண்ணெய் கக்கி நின்றது! வெல்லம் ஒரே ஒரு நெல்லிக்காய் அளவு, அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே கரைந்தது. ஆறிய பிறகு பாட்டிலைச் சாய்த்தேன், எண்ணெய் ஓடியது. தயிர்சாதத்துக்கு அமிர்தம். களாக்காய் ஊறுகாய் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் துவர்ப்பு உடனே பிடிபடும்.

எண்ணெய் பற்றி ஒன்று. சீனக் கடையில் கிடைக்கிற கரும்பழுப்பு எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, அதில் ஊறுகாய் போட்டால் நூடுல்ஸ் வாசம்தான் வரும். இந்தியக் கடை நல்லெண்ணெயே வாங்குங்கள்.

பழம் இந்த முறை நியூ ஜெர்சியின் தெற்கே பைன் பாரன்ஸ் காட்டுப் பக்கம் ஒரு சாலையோரக் கடையில் வாங்கியது. சாட்ஸ்வொர்த் வட்டாரத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி அறுவடை செய்வதைப் பார்க்கவே ஒரு நடை போகலாம். பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால் உலுக்கிவிட்டதும் மிதந்து வந்து, குளம் முழுக்கச் சிவப்பாகிவிடும். அப்படி எடுப்பது பெரும்பாலும் ஜூஸுக்கும் சாஸுக்கும் போகிறது. பையில் நாம் வாங்கும் பழம் தண்ணீர் படாமல் பறித்தது, அதனால்தான் ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் தாங்குகிறது. கெட்டதைக் கண்டுபிடிக்க ஒன்றைத் தரையில் போட்டுப் பாருங்கள், நல்லது துள்ளும். சூப்பர் மார்க்கெட் பழமும் மோசமில்லை, ஆனால் வெள்ளை பாய்ந்த காய்கள் அதிகம் கலந்திருந்தன. அவற்றைப் பொறுக்கித் துவையலுக்கு வைத்துவிட்டேன்.

தேங்க்ஸ்கிவிங் முடிந்த வாரத்தில் இந்தப் பைகள் மலிவாகும், கிறிஸ்துமஸ் தாண்டினால் தேடினாலும் கிடைக்காது. அப்போது அள்ளி வந்து ஃப்ரீசரில் அடைக்கப் போகிறேன். அடுத்தது ஆவக்காய் முறை: அடுப்பே இல்லாமல் கடுகுப்பொடி, மிளகாய்த்தூள், உப்பு, எண்ணெய். சூடே படாததால் பெக்டின் பிரச்சினை எழக் கூடாது என்பது என் கணக்கு. கடுகின் கசப்பும் பழத்தின் துவர்ப்பும் ஒன்றோடொன்று மோதுமோ என்றுதான் யோசனை, அதனால் முதலில் ஒரு சின்னப் பாட்டில் மட்டும்.

நடுவில் கபோச்சா என்கிற ஜப்பானியப் பூசணி ஒன்றும் வாங்கித் தொலைத்திருக்கிறேன். பட்டர்நட் பூசணி மாதிரி நீர் விடாது, மாவாக வேகும், எரிசேரிக்கு அதுதான் சரி. தோலை வெட்டத்தான் வீட்டில் அரிவாள் இல்லை. முழுசாக அவனில் கொஞ்ச நேரம் வைத்து இளகவிட்டு வெட்டலாம் என்று இருக்கிறேன்.