தளை தட்டாத வெண்பாவுக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

எங்கள் வெண்பாக் குழுவின் மூத்தவர் ஒருவர் நேற்றுத் தன் குறள் வெண்பாவை அடியோடு மாற்றி எழுதிவிட்டார், அதுவும் நான் சொன்ன கருத்துக்காக! இதுவரை அவர் எதைப் போட்டாலும் 'அருமை ஐயா' என்றும் கைகூப்பும் பொம்மைகளும்தான் வரிசையாக விழும். அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன்.

முதலில் அவர் எழுதியது (அனுமதி வாங்கித்தான் போடுகிறேன்):

நல்ல மழைவந்து நன்றாய் நனைத்ததுதான்
எல்லா மரமும் இனிது

அவலோகிதம் என்ற யாப்புச் சோதனை மென்பொருளில் ஒட்டினால் ஒரு குறையும் காட்டாது. சீரோடு சீர் இணையும் முறையான தளைக்கு மாமுன் நிரை, காய்முன் நேர், ஈற்றுச் சீருக்குப் பிறப்பு என்ற வாய்பாடு, எதுகை, முதலடியில் மேற்கதுவாய் மோனை (1, 3, 4ஆம் சீர்களில்), எல்லாம் சரி. சிக்கலே அதுதான். தளை தட்டினால் சொல்வது சுலபம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், மென்பொருளே சொல்லிவிடும். தட்டாத வெண்பாவில் ஒன்றுமே இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

நான் இப்போது செய்வது இது. ஒவ்வொரு சொல்லாக அடித்துவிட்டு, மிச்சத்தை உரைநடையாகப் படிக்கிறேன். 'நல்ல' போனால் பொருள் குறைகிறதா? இல்லை. 'நன்றாய்'? இல்லை. 'தான்', 'இனிது' இரண்டும் போகட்டும். மிஞ்சுவது 'மழை வந்து எல்லா மரமும் நனைந்தது', அவ்வளவுதான். அடித்த சொற்களை மட்டும் பட்டியல் போட்டு, தீர்ப்பு எதுவும் எழுதாமல், ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று கேட்கிறேன். 'அசைநிரப்பி' என்று எழுதினால் சண்டை வரும். கேள்வியாகக் கேட்டால் எழுதியவரே சொல்லிவிடுவார்.

அவரும் சொன்னார்: "தம்பி, 'நல்ல' எதுகைக்கு வந்தது. மற்றதெல்லாம் சீருக்கு."

"சரி ஐயா, அந்த மழையில் நீங்கள் பார்த்தது என்ன?"

மழை விட்ட பிறகும் வாசல் வேம்பு சொட்டிக்கொண்டே இருந்ததாம். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். நேற்று வந்தது இது:

விட்ட மழையை விடாமல் பிடித்துவைத்துக்
கொட்டுது வேம்பின் கிளை

இதில் எதையாவது அடித்துப் பாருங்கள், முடியாது. ஆனால் குழுவில் ஒருவர், 'கொட்டுது' பேச்சு வழக்கு, 'கொட்டுமே' என்று மாற்றலாம் என்றார். அந்த ஏகாரம் எதற்காம்? இலக்கணச் சுத்தம் பார்க்கிறவர்களுக்கு இசைநிறை (பொருளின்றி ஓசையை நிரப்ப மட்டும் வருவது) மட்டும் கண்ணில் படவே படாது. கேட்டால் தொல்காப்பியர் இடையியலில் இடம் கொடுத்திருக்கிறார் என்பார்கள். கொடுத்திருக்கிறார்தான், நாலு சீருக்கு ஒன்று வைக்கச் சொன்னாரா?

புதிதாக வருகிறவர்கள் பயிற்சிப் புத்தகம் என்று கண்டதை வாங்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகை உரையோடு இலவசமாகக் கிடைக்கிறது.

நாலடி நேரிசை வெண்பாவில் இன்னும் எனக்குக் கை வரவில்லை. இரண்டாம் அடியின் தனிச்சொல் பெரும்பாலும் எதுகைக்காகவே பிடித்து வரப்படுகிறது. அதை அடித்தால் வடிவமே போய்விடும், என் சோதனை அங்கே வேலை செய்வதில்லை. ஐயா இன்று காலை ஒன்று போட்டிருக்கிறார், இன்னும் பதில் எழுதவில்லை.

அதற்குள் எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறைக்கும் எனக்கு ஆசை வந்துவிட்டது. காரிகையே அந்த யாப்பில்தானே இருக்கிறது. ஒற்று (மெய்யெழுத்து) நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. இது மென்பொருளுக்கான வேலை. ஆனால் பாட்டை ஏகாரத்தில் முடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. 'கொட்டுமே' நண்பர் முதல் ஆளாக வந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.